மேலோடும் அடிப்பாறையும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி நிலத்தில் வீட்டின் அடித்தளத்தை ஊன்றுதல்

வீட்டின் அடித்தளத்தைப் பாறையோடு பிணைக்கும் வேலை மூன்று தேவைகளை ஒருங்கே நிறைவேற்ற வேண்டும். சுவரும் தூணும் இறக்கும் எடையைப் பாறை இடைவெளியின்றி வாங்கிக்கொள்ள வேண்டும். சரிவான பாறைமுகத்தில் அடித்தளம் வழுக்கக் கூடாது. காற்றோ நிலத்தடி நீரோ மேல்நோக்கித் தள்ளும்போது அது பெயர்ந்து எழக் கூடாது. இவற்றுள் முதலாவது தேவையைக் கொத்தனார்களும் மேஸ்திரிகளும் நன்கு அறிந்திருக்கிறார்கள். மற்ற இரண்டும், கடப்பாறை இறங்காத இடம் வந்துவிட்டாலே வேலை முடிந்தது என்ற நம்பிக்கையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. அந்த நம்பிக்கை இந்த மாவட்டத்தின் நிலத்துக்கு ஏன் போதாது என்பதையும், அதற்கு மாறாகச் செய்ய வேண்டியவை எவை என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

கடப்பாறை இறங்காத அடுக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்குத் தக்காணம் நல்ல எடுத்துக்காட்டு; இந்தியாவில் எரிமலைப் பாறையின் பெருநிலம் அதுவே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் பிளவுகளிலிருந்து அலையலையாக வழிந்து உறைந்த பசால்ட் என்னும் கரும்பாறையின் மீதுதான் மும்பையும் புனேயும் நிற்கின்றன. அஜந்தா, எல்லோராக் குடைவரைகளும் அதே பாறையில் குடையப்பட்டவை. அங்கே அடித்தளம் இடுவோர் ஒரு குறிப்பிட்ட அபாயத்தை எதிர்பார்த்தே தோண்டுகிறார்கள். ஒரு வழிவு உறைந்த பின் அடுத்த வழிவு வருமுன் கடந்த காலத்தில் மேற்பரப்பு மக்கிச் சிவந்த களிமண்ணாகிவிடுவதால், இரும்பைப் போன்ற உறுதியுள்ள ஓர் அடுக்கின் கீழே நகத்தால் கீறக்கூடிய சிவப்புக் களி அடுக்கு ஒளிந்திருக்கக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைப் பரப்பு இல்லை. ஆயினும் வன்மையான மேலடுக்கின் கீழே மென்மையான அடுக்கு கிடக்கும் அதே அமைப்பு வேறு காரணத்தால் இங்கும் உருவாகியிருக்கிறது; எனவே தக்காணத்தில் கற்ற எச்சரிக்கை இங்கும் அப்படியே பொருந்தும்.

நிலத்தின் கிடப்பு

மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில், பல நூறு கோடி ஆண்டுப் பழமை கொண்ட நைஸ், கிரானைட் வகைப் பாறைகள் குன்றுகளாக வெளியே தலைகாட்டுகின்றன. மேற்கே சித்தூர்ப் பக்கம் செல்லச் செல்ல இவற்றின் வெடிப்புகளில் புகுந்து உறைந்த டாலரைட் என்னும் கரும்பாறை, சுவர் போன்ற நீண்ட பட்டைகளாக ஓடுவதைக் காணலாம். டாலரைட் பசால்டின் உடன்பிறப்பு. ஒரே வகைக் குழம்பு தரைக்கு மேல் வழிந்து உறைந்தால் பசால்டாகவும், தரைக்குள்ளேயே குறைந்த ஆழத்தில் உறைந்தால் டாலரைட்டாகவும் அமைகிறது. எரிமலைப் பாறைக்கு மிக நெருங்கிய உறவுள்ள கல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதுவே.

அங்கிருந்து கிழக்கே வரும்போது பழைய பாறை கீழே ஆழ்ந்துவிடுகிறது. அதன்மேல் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு ஆகிய ஊர்ப் பெயர்களால் நிலவியலார் குறிக்கும் மேல் கோண்டுவானாப் படிவுகள் அமைந்துள்ளன. இவை ஷேல் என்னும் ஏடேடாகப் பிரியும் களிக்கல், மணற்கல், உருண்டைக் கற்கள் சிமெண்டிட்டது போல் இறுகிய திரளைக்கல் ஆகியவற்றால் ஆனவை. பூண்டிக்கு அருகிலுள்ள அல்லிக்குழிக் குன்றுகளும் குடியம் குகைகளும் இத்தகைய திரளைக்கல்லால் ஆனவை. இதே பகுதியில் கொசஸ்தலை ஆற்றங்கரையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தனர். பிற்காலத்து அகழாய்வுகள் அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகக் கணித்தன. தொல்லியலுக்காகத் தோண்டப்பட்ட அக்குழிகள் வீடு கட்டுவோருக்கும் ஒரு செய்தியைச் சொல்கின்றன: இரும்புச்சத்து ஏறிய சரளை அடுக்குகளும் களிமண் அடுக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன, அவற்றுக்கெல்லாம் அடியில்தான் ஷேல் கிடக்கிறது. சரளையைத் தொட்டதும் பாறை வந்துவிட்டதாக எண்ணுபவர் உண்மையில் களிமண்ணின் மேல் நிற்கிறார்.

செங்குன்றத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்த செம்புரைக்கல், மாவட்டத்தின் மேட்டு நிலங்கள் பலவற்றில் ஒரு மூடியைப் போல, மேலோடாகக் கிடக்கிறது. தாழ்ந்த கிழக்குப் பகுதியில், பொன்னேரி, மீஞ்சூர் தொடங்கிப் பழவேற்காடு வரை, ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்த வண்டலும், கடல் ஒதுக்கிய மணலும், உப்பங்கழிக் களியும் நிறைந்துள்ளன. அங்கே வீட்டு அடித்தளத்துக்கு எட்டும் ஆழத்தில் பாறை என்ற பேச்சே இல்லை. கும்மிடிப்பூண்டி இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மனைகளில் ஒரு தெருவில் சரளை மேலோடும் அடுத்த தெருவில் பழைய ஏரிப் பாசனக் களியும் வரக்கூடும் என்பதால், பக்கத்து வீட்டின் கடைக்கால் ஆழத்தை அப்படியே பின்பற்றும் வழக்கம் இங்கே குறிப்பாக ஆபத்தானது.

மேலோட்டின் தடிமன்

செம்புரைக்கல் உருவாகும் விதத்தை அறிந்தால் அதன் குறையும் விளங்கும். வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலத்தில் நீர் மண்ணிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகுகின்றன. நீர் ஏறி இறங்கும் மேற்பகுதியில் மட்டுமே இந்த இறுக்கம் முழுமையடைகிறது. அதற்குக் கீழே பல இடங்களில் வெளிறிய, வழவழப்பான, ஈரம் பட்டால் குழையும் களி இருக்கும். வெட்டி வெளியே எடுத்து வெயிலில் காயவைத்தால் மேலும் கெட்டியாகும் இக்கல் கட்டுமானத்துக்கு உகந்ததுதான். ஆனால் இருந்த இடத்தில் அடித்தளத்தைத் தாங்கும் அடுக்காக அதைக் கருதும்போது அதன் வன்மையைவிட அதன் தடிமனே முக்கியமாகிறது.

இதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். இரண்டு மாடி வீட்டின் ஒரு தூண் 20 டன் எடையை 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங் (தூணின் அகன்ற அடிப்பகுதி) வழியாக இறக்குவதாகக் கொண்டால், ஃபுட்டிங்கின் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8.9 டன் ஆகும். எடை கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் பக்கமொன்றுக்கு அரை மீட்டர் வீதம் விரிவதாகப் பொறியாளர்கள் தோராயமாகக் கொள்வர். அதன்படி மேலோடு 50 சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால் கீழுள்ள களியின் மீது சதுர மீட்டருக்கு 5 டன் விழும். ஒரு மீட்டர் இருந்தால் 3.2 டன், இரண்டு மீட்டர் இருந்தால் 1.6 டன்தான். இந்தியத் தர நெறிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் தோராயத் தாங்குதிறன் அட்டவணை, கட்டை விரலை அழுத்தினாலே பல சென்டிமீட்டர் உள்ளே போகும் மிக மென்மையான களிக்குச் சதுர மீட்டருக்கு 5 டன் மட்டுமே அனுமதிக்கிறது. அரை மீட்டர் மேலோட்டின் மீது நிற்கும் வீடு, ஆகவே, கைவசம் எந்த இருப்பும் இல்லாத எல்லையில் நிற்கிறது. ஒரு மழைக்காலம் களியை மேலும் இளக்கினால் தூண் அமிழத் தொடங்கும். அதே அட்டவணை பிளவற்ற கிரானைட்டுக்கும், ட்ராப் எனப்படும் தக்காண எரிமலைப் பாறைக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 330 டன் தருகிறது. பாறை உடைந்துபோகுமா என்பது ஒரு வீட்டைப் பொறுத்தவரை கேள்வியே அல்ல என்பதை இந்த எண் காட்டுகிறது. கேள்வி எப்போதும் அந்தப் பாறை எவ்வளவு தூரம் தொடர்கிறது, எதன்மேல் கிடக்கிறது என்பதுதான்.

ஷேலைப் பற்றித் தனியே ஒரு சொல் தேவை. புதிதாகத் தோண்டிய குழியில் இக்களிக்கல் உளி படாத அளவு கெட்டியாகத் தெரியும். இரண்டு நாள் வெயிலும் ஒரு மழையும் பட்டால் ஏடேடாகப் பிரிந்து சேறாகிவிடும். எனவே ஷேலில் அடித்தளம் வைக்கும்போது கடைசி 15 சென்டிமீட்டரைக் கான்கிரீட் போடும் நாள்வரை தோண்டாமல் விட்டு, தோண்டிய அன்றே 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிட வேண்டும்.

சோதனை

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை வீண் என்று ஒதுக்குவோர், பிற்காலத்தில் வெடித்த சுவரைப் பூசுவதற்கு அதைவிட மிகுதியாகச் செலவிடுகிறார்கள். மனையின் இரு எதிர் மூலைகளிலேனும் துளையிட்டுச் செய்யப்படும் தரப்படுத்தப்பட்ட ஊடுருவல் சோதனை இதற்கு அடிப்படை. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ, ஒரு குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவதே அச்சோதனை. அந்த எண்ணிக்கை ஐம்பதைக் கடந்தால் இறுகிய அடுக்கு அல்லது பாறை என்று கொள்வர். இங்கே வேலையாட்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, எண்ணிக்கை ஐம்பதைத் தொட்டதும் துளையை நிறுத்திவிடுவதாகும். சரளை மேலோட்டிலும் எண்ணிக்கை ஐம்பதைத் தொடும். ஆதலால் அதைத் துளைத்துக் கடந்து, ஃபுட்டிங் அகலத்தின் இரு மடங்கு ஆழமேனும், எப்படியும் 3 மீட்டருக்குக் குறையாமல், கீழே சென்று பார்க்குமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பாறையைத் துளைக்கும்போது உருளைவடிவ மாதிரித் துண்டுகள் வெளிவரும். ஒரு மீட்டர் துளையில் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள துண்டுகளின் மொத்த நீளம் எவ்வளவு என்று அளந்து நூற்றுவீதத்தில் சொல்வது பாறைத் தர எண் எனப்படும். அமெரிக்கப் பொறியியலாளர் டீர் 1960-களில் வகுத்த இந்த அளவு 75-க்கு மேல் இருந்தால் நல்ல பாறை என்றும், 25-க்குக் கீழ் இருந்தால் மிக நொய்ந்த பாறை என்றும் கொள்ளப்படுகிறது. நொய்ந்த பாறையை மண்ணாகவே கருதி அடித்தளத்தை வடிவமைப்பதுதான் பாதுகாப்பு.

கருவிகள் எட்டாத இடத்தில் ஊரின் அறிவும் உதவும். கிணறு வெட்டியவர்களுக்கும் போர்வெல் போடுபவர்களுக்கும் எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது, எங்கே துளைக்கருவி திடீரென வேகமாக இறங்கியது என்பன நினைவிருக்கும். வன்மையான அடுக்கைக் கடந்தபின் ஏற்பட்ட அந்தத் திடீர் வேகமே மேலோட்டுக்குக் கீழே களி இருப்பதற்கான நேரடிச் சான்று. சோதனைக் குழியை ஐப்பசி, கார்த்திகை மழையின்போதோ அதையடுத்தோ ஒருமுறை பார்ப்பது, கோடையில் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதைவிடப் பல மடங்கு மேலானது. இம்மாவட்டம் தன் மழையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவத்திலேயே பெறுகிறது.

பாறை உள்ள இடத்தில் பிணைத்தல்

திருத்தணிப் பக்கத்து மனைகளில் பாறை ஓரிரு மீட்டர் ஆழத்திலோ, மேற்பரப்பிலேயோ கிடைக்கும். முதலில் தீர்மானிக்க வேண்டியது அது அடிப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருண்டைப் பாறையா என்பதே. கிரானைட் மக்கும்போது மூலைகள் முதலில் தேய்ந்து, நடுவே உருண்டையான கெட்டிக் கரு எஞ்சும். அக்கரு ஒரு லாரி அளவுகூட இருக்கலாம். பல இடங்களில் அடித்து ஒலியை ஒப்பிடுவதும், இரண்டு மூன்று இடங்களில் ஒரு மீட்டருக்கு மேல் துளையிட்டுப் பார்ப்பதும் ஐயத்தைத் தீர்க்கும்.

வெடி வைத்துத் தகர்ப்பதை வீட்டு வேலையில் முற்றிலும் தவிர்க்க வேண்டும். அதற்கு உரிமம் தேவை என்பது ஒருபுறம் இருக்க, எஞ்சும் பாறையிலும் அண்டை வீடுகளிலும் வெடி புதிய விரிசல்களை உண்டாக்குகிறது. பிரேக்கர் கொண்டு உடைப்பதும், துளைகளில் ஊற்றினால் விரிந்து பாறையைச் சத்தமின்றிப் பிளக்கும் ரசாயனக் குழைவைப் பயன்படுத்துவதும் உகந்த வழிகள். ஐ.எஸ். 1904 என்னும் இந்தியத் தர நெறி, பாறையின் மேல் மண்ணை அகற்றினாலே சில வேளை போதும் என்று கூறினாலும், சரிவான பாறைமுகத்தைப் படிப்படியாக வெட்டித் தயார்செய்து வழுக்கலைத் தடுக்க வேண்டும் என்பதையும் உடன் வலியுறுத்துகிறது. படிகளின் முகம் கிடைமட்டமாகவோ, சற்றே மேட்டுப் பக்கம் சாய்ந்தோ இருக்க வேண்டும். கலகலத்த கல்லை எல்லாம் நீக்கி, தண்ணீரும் காற்றும் பாய்ச்சிக் கழுவி, விரிசல்களில் சிமெண்டுக் குழம்பு ஊற்றிய பின்பே கான்கிரீட் போட வேண்டும். பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே மணல் பரப்பும் வழக்கம் மண் நிலத்துக்கு உரியது. பாறையில் அது வழுக்குத் தளமாக மாறிவிடும்.

சரிவு மிகுதியான இடங்களிலும், மேல்நோக்கிய இழுவை எதிர்பார்க்கப்படும் இடங்களிலும் பாறைக்குள் கம்பி நட வேண்டும். 20 மில்லிமீட்டர் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் துளை இட்டு, காற்றால் தூசியை ஊதி வெளியேற்றி, 50 கிலோ மூட்டைச் சிமெண்டுக்கு 20 முதல் 22 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் சுருங்காமைக்கான கலவைப்பொருள் சேர்த்துக் கரைத்த குழம்பைக் குழாய் மூலம் துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி, பின்னர்க் கம்பியை நடுவில் நிற்குமாறு இறக்க வேண்டும். மேலிருந்து குழம்பை ஊற்றினால் அடியில் காற்று சிறைப்பட்டு, கம்பியின் கீழ்ப்பாதி வெற்றிடத்தில் நிற்கும். வெளியே பார்ப்பவருக்கு அது ஒருபோதும் தெரியாது.

ஒரு கம்பி எவ்வளவு தாங்கும் என்பதை மூன்று வழியில் கணக்கிட்டு, அவற்றுள் மிகக் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். 500 தரக் கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 275 நியூட்டன் இழுவை அனுமதித்தால் 20 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 8.8 டன் தாங்கும். ஓரளவு மக்கிய நைஸில் குழம்புக்கும் பாறைக்கும் உள்ள பிடிப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன் என்று எச்சரிக்கையோடு வைத்தால், ஒரு மீட்டர் ஆழத் துளை ஏறத்தாழ 3.8 டன்னில் நழுவும். மூன்றாவதாக, கம்பியோடு ஒரு கூம்பளவு பாறையே பெயர்ந்து வரலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு, பக்கங்கள் 45 பாகை சரிந்த கூம்பின் எடை ஏறத்தாழ 2.7 டன். ஆக, 8.8 டன் தாங்கும் கம்பி இந்த இடத்தில் தருவது 2.7 டன் மட்டுமே. தடித்த கம்பி வாங்குவதால் இது கூடாது, ஆழம் கூட்டினால்தான் கூடும். கம்பிகளை நெருக்கமாக நட்டால் கூம்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஓரளவுக்கு மேல் பயன் தராது. நட்ட கம்பிகளில் சிலவற்றையேனும், குழம்பு ஒரு வாரம் இறுகிய பின், வடிவமைப்பு எடையின் ஒன்றரை மடங்குவரை ஜாக்கி வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கான முறையை ஐ.எஸ். 11309 வகுத்திருக்கிறது.

இந்த வட்டாரத்து மலையடி மனைகளில் வீடுகள் வெடிப்பதற்கு மிகப் பொதுவான காரணம் பாறையின் பலவீனமன்று. வீட்டின் ஒரு பாதி பாறையிலும் மறு பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்பதே. பாறையில் நிற்கும் பாதி அசையாது. மண்ணில் நிற்கும் பாதி சில மில்லிமீட்டர் இறங்கினாலும் இரண்டும் சேரும் இடத்தில் சுவர் மூலைவிட்டமாகக் கிழியும். எல்லாத் தூண்களையும் பாறைவரை இறக்குவதே தலைசிறந்த தீர்வு. அது இயலாத ஆழமாயின், வீட்டை அந்தக் கோட்டிலேயே 25 மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு இரண்டு தனிக் கட்டடங்களாகப் பிரித்துவிட வேண்டும்.

பாறை இல்லாத இடத்தில் ஊன்றுதல்

கும்மிடிப்பூண்டியின் களி மனைகளில் பாறை செய்யும் வேலையைப் பைல் என்னும் ஆழ ஊன்றிய கான்கிரீட் தூண்தான் செய்ய வேண்டும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் கரிசலுக்காக உருவாக்கி வளர்த்த அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் போல் விரிந்த பைல், இம்மண்ணுக்கு மிகப் பொருத்தமானது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைக் கடந்து 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறங்கி, தண்டின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரிந்த குமிழால் அது மண்ணைப் பற்றிக்கொள்கிறது. கீழ்நோக்கிய எடையைத் தாங்குவதோடு, மண் உப்பும்போது எழும் மேல்நோக்கிய தள்ளலையும் அக்குமிழே தடுக்கிறது. பைல்களின் தலைகளை இணைக்கும் கிரேடு பீமுக்கும் தரைக்கும் இடையே 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்று இந்தியத் தர நெறி சொல்வதற்குக் காரணம், உப்பும் களி பீமைத் தூக்கிவிடக் கூடாது என்பதே. அந்த வெற்றிடத்தை வீணான இடம் என்று கருதிச் சவுடு மண் போட்டு நிரப்பிவிடும் மேஸ்திரி, பைலுக்குச் செய்த செலவு முழுவதையும் அந்த ஒரு செயலால் பயனற்றதாக்கிவிடுகிறார்.

மேலோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் சீராக இருந்து, கீழுள்ள களியும் ஓரளவு கெட்டியாக இருந்தால், பைலைத் தவிர்த்து அகன்ற ஃபுட்டிங்குகளை மேலோட்டின் மேற்பகுதியிலேயே நிறுத்தலாம். அப்போது ஆழமாகத் தோண்டுவது நன்மையன்று. தோண்டத் தோண்ட மேலோட்டின் தடிமன் குறைந்துகொண்டே போகிறது. ஆழமே பலம் என்ற பழக்க எண்ணம் இங்கு நேர்மாறாக வேலை செய்கிறது. சென்னைச் சுற்றுவட்டாரம் நிலநடுக்க மண்டலம் 3-இல் வைக்கப்பட்டு வந்திருப்பதால், எந்த வகை அடித்தளமாயினும் எல்லாத் தூண்களையும் இரு திசையிலும் தரைமட்டத்தை ஒட்டி ஓடும் பிளிந்த் பீமால் கட்டுவதில் சமரசம் கூடாது.

நிரப்பிய மனைகளும் உப்புநீரும்

பள்ளமான மனையை உயர்த்தச் சவுடு மண் கொட்டுவது மாவட்டம் முழுதும் உள்ள வழக்கம். லாரி லாரியாகக் கொட்டிச் சமன்படுத்திய மண் பல ஆண்டுகள் தானாக அமிழ்ந்துகொண்டிருக்கும். 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, உருளையால் இறுக்கிய மண்ணுக்கு மட்டுமே தரைத்தளத்தைத் தாங்கும் தகுதி உண்டு, தூண்களை அதிலும் நிறுத்தக் கூடாது. தொழிற்பேட்டையை ஒட்டிய மனைகளில் எஃகு உலைக் கசடு கொட்டி நிரப்பப்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எஃகுக் கசட்டில் சேராமல் தங்கிய சுண்ணாம்பு இருக்குமானால், ஈரம் பட்டதும் அது மெல்ல விரிந்து, தரையையும் பிளிந்த் பீமையும் ஆண்டுக்கணக்கில் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அத்தகைய நிரப்பு தெரியவந்தால் அகற்றுவதே முறை.

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஐ.எஸ். 456 நெறிப்படி, கம்பி வைத்த கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், சல்ஃபேட் 400 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. மனையிலுள்ள போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்துவதால் கம்பி துருப்பிடித்த வீடுகளுக்குக் கணக்கில்லை. ஃபுட்டிங்கில் கம்பிக்கு வெளியே குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் இருக்க வேண்டும். அதைக் கல் துண்டை முட்டுக் கொடுத்துப் பெறாமல், முறையாக வார்த்த கவர் பிளாக்குகளால் பெற வேண்டும். கும்மிடிப்பூண்டியிலேயே கம்பி உருட்டும் ஆலைகள் பல இருப்பதால் விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் முத்திரையற்ற கம்பியை வாங்கும் ஆசை எழும். கம்பியின் மேல் பொறித்த ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 1786 நெறிப்படியான தரம், அந்தந்தக் கட்டுக்குரிய சோதனைச் சான்றிதழ் ஆகிய மூன்றும் இல்லாத கம்பியை அடித்தளத்தில் சேர்க்கக் கூடாது.

மேலெழும் விசை

வீடு கனமானது, அது எழாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் வீட்டைச் சேர்ந்த சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, எழும். வெளியளவில் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கான்கிரீட் சம்ப், 150 மில்லிமீட்டர் சுவரும் தளமும், 125 மில்லிமீட்டர் மூடியும் உடையதாயின், அதன் எடை ஏறத்தாழ 10.2 டன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வரும்போது அதைத் தூக்கும் விசையோ 12 டன். சுத்தம் செய்வதற்காக அந்த நாளில் சம்ப்பைக் காலிசெய்தால் அது பெயர்ந்து, குழாய்களை முறித்துக்கொண்டு மேலே வரும். அடித்தளத்தை நான்கு பக்கமும் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிப் போட்டால், அந்த நீட்சியின் மேல் அமரும் மண்ணின் நனைந்த நிலை எடையும் துணைக்கு வர, தாங்கும் எடை தூக்கும் விசையைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காக உயர்கிறது. செலவு ஒரு கன மீட்டருக்கும் குறைவான கான்கிரீட் மட்டுமே. பாறையில் வெட்டிய சம்ப்பாயின் இதே வேலையை அதன் தளத்தின் வழியே பாறையில் நட்ட நான்கு கம்பிகள் செய்துவிடும்.

மொட்டைமாடியில் இரும்புக் குழாய்களை நிறுத்தித் தகரக் கூரை போடுவோரும் இதே கணக்கைக் கருத வேண்டும். ஐ.எஸ். 875 சென்னைப் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது இப்பகுதி புயல்காற்றின் வலிமையை நேரில் கண்டது. தகரம் தன் எடையால் நிற்பதில்லை. அது பற்றியிருக்கும் போல்ட்டும், போல்ட் பற்றியிருக்கும் பீமும், பீம் பற்றியிருக்கும் தூணும் அடித்தளம்வரை இடையறாது தொடர்ந்தால்தான் நிற்கும். கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் அறைந்த போல்ட் இத்தொடரில் அடங்காது.

குழிகளை மூடுமுன் ஒவ்வொரு ஃபுட்டிங்கின் ஆழம், அடியில் கண்ட மண் அல்லது பாறையின் வகை, நட்ட கம்பிகளின் நீளம், இழுவைச் சோதனையின் அளவு ஆகியவற்றை வரைபடத்தில் எழுதி, அளவுகோல் தெரியுமாறு எடுத்த படங்களோடு வீட்டுப் பத்திரத்துடன் வைக்க வேண்டும். பிற்காலத்தில் மாடி எழுப்ப விரும்பினால் பொறியாளர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். அவை இல்லாதபோது, தாங்குமா என்று அறிய, குடியிருக்கும் வீட்டின் ஓரத்தில் மீண்டும் குழி தோண்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது.